ஒரு கட்டடத்தைப் பற்றி எப்படிப் பேசுவது?

ஊரில் புதிதாக ஒரு பெரிய கட்டடம் எழுந்தால் அதைப் பற்றி நாம் பேசுவது பெரும்பாலும் இரண்டே வாக்கியம். "செமையா இருக்கு." அல்லது, "தீப்பெட்டியை அடுக்கி வெச்ச மாதிரி இருக்கு." அதோடு பேச்சு நின்றுவிடும். கொஞ்சம் தள்ளிப் போய், கட்டடக்கலை படித்தவர்கள் பேசுவதைக் கேட்டால், வெளியும் ஒளியும் உரையாடுகின்றன என்பது போல ஏதோ சொல்வார்கள். அதில் உண்மை இருக்கலாம். ஆனால் கேட்பவர் பதிலுக்கு என்ன சொல்ல முடியும்? தலையாட்டலாம், அவ்வளவுதான்.

கிரிக்கெட்டில் இந்தச் சிக்கல் இல்லை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவர்கூட ரஞ்சி ஆடியிருக்க மாட்டார். இருந்தாலும், பத்தொன்பதாவது ஓவரை ஏன் அந்தப் பையனிடம் கொடுத்தார்கள் என்று அரைமணி நேரம் சண்டை போட முடிகிறது. பத்துப் பதினைந்து சொற்கள் எல்லோருக்கும் தெரியும். ரீப்ளேயை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். கட்டடங்கள் விஷயத்தில் அந்தச் சொற்கள் நம்மிடம் வந்து சேரவில்லை. ரீப்ளேவும் கிடையாது. சாயங்கால வெளிச்சத்தில், ஆளே இல்லாமல் எடுத்த ஒரு படம்தான் காட்டப்படுகிறது.

கட்டடத்தைப் பற்றிய கருத்தெல்லாம் வெறும் ரசனை, அவரவர் விருப்பம் என்றொரு எண்ணம் பரவலாக இருக்கிறது. அது பாதிதான் சரி. ஒரு கட்டடத்தில் ரசனைக்கு உட்படாத விஷயங்கள் நிறைய உண்டு. அவற்றைப் பேசுவதற்குப் பட்டம் தேவையில்லை.

## மூன்று படங்கள்

எந்தக் கட்டடத்தையும் மூன்று வகைப் படங்களாக வரைவார்கள்.

பிளான்: கட்டடத்தைச் சன்னல் மட்டத்தில் கிடையாக அறுத்து, மேலிருந்து பார்த்தால் தெரிவது. எந்த அறை எங்கே, கதவு எந்தப் பக்கம், யார் எதைக் கடந்து எங்கே போக வேண்டும் என்பதை இது சொல்லும்.

செக்‌ஷன்: உச்சியிலிருந்து அஸ்திவாரம் வரை நெட்டாக அறுத்து, பக்கவாட்டில் நின்று பார்த்தால் தெரிவது. கூரை எவ்வளவு உயரம், வெளிச்சம் எவ்வளவு தூரம் உள்ளே வரும், சூடான காற்று மேலேறி எங்கே வெளியேறும் என்பதெல்லாம் இதில்தான் இருக்கும்.

எலிவேஷன்: எதிரே நின்று பார்த்தால் தெரியும் முகம். வீடு கட்டிய எல்லோருக்கும் இந்தச் சொல் தெரியும். நம் ஊரில் 'எலிவேஷன் வேலை' என்றால் முன்பக்கத்தில் ஒட்டும் டைல்ஸ், கோடு, வளைவு, விளக்கு எல்லாம் சேர்ந்தது. அதற்கென்று தனி பட்ஜெட்டே உண்டு.

நாம் கட்டடங்களைப் பற்றிப் பேசும் பேச்சில் முக்கால்வாசி எலிவேஷனைப் பற்றியது. மூன்றில் மிகக் குறைவான தகவல் உள்ள படமும் அதுதான்.

பிளானைப் பற்றிப் பேச நமக்குத் தெரியாதா என்றால், நன்றாகவே தெரியும். வாஸ்து பார்க்கும் குடும்பத்தைக் கவனித்திருக்கிறீர்களா? அடுப்பு அக்னி மூலையில் இருக்கிறதா, ஈசானியத்தில் கழிப்பறை வந்துவிட்டதா என்று, தாத்தா முதல் மருமகள் வரை தாளை விரித்து வைத்து விரல் வைத்துப் பேசுவார்கள். பிளானை வாசிக்கத் தெரியாத கூட்டம் அப்படிப் பேச முடியாது. வாஸ்துவின் பலன்களை நான் நம்புகிறவன் இல்லை. ஆனால் தமிழ்நாட்டில் சாதாரண மக்கள் பிளானை முன்னால் வைத்துக்கொண்டு விவாதிக்கும் ஒரே வழக்கம் அதுதான் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். குறை என்னவென்றால், அந்த விவாதத்தில் செக்‌ஷனுக்கு இடமே கிடையாது. மூலைகள் எல்லாம் சரியாக அமைந்த வீட்டில், மே மாத இரவில் மாடி அறைக்குள் நிற்க முடியாது.

## ஒரு பயிற்சி: தம்பானூர் காபி ஹவுஸ்

திருவனந்தபுரம் தம்பானூரில், பேருந்து நிலையத்தை ஒட்டி, இந்தியன் காபி ஹவுஸ் ஒன்று இருக்கிறது. லாரி பேக்கர் வடிவமைத்தது. உருண்டையாக, செம்மண் நிறத்தில், சிறு சிறு துளைகளோடு ஒரு கோபுரம் போல நிற்கும். படம் எடுக்காமல் யாரும் போவதில்லை.

பிளானைப் பார்ப்போம். நடுவில் ஒரு வட்டத் தண்டு. அதைச் சுற்றி நடைபாதை. வெளிச்சுவரை ஒட்டி, கட்டடத்தோடு சேர்த்துக் கட்டிய மேசைகளும் இருக்கைகளும். சரி, இப்போது செக்‌ஷன். மாடி என்று தனியாக எதுவுமே இல்லை. தரை ஒரே சரிவாகச் சுற்றிச் சுற்றி மேலே போகிறது. வெளிச்சுவரில் உள்ள துளைகள் காற்றையும் வெளிச்சத்தையும் உள்ளே விடுகின்றன. வெயிலைச் சில்லறையாக மாற்றித்தான் விடுகின்றன.

இந்த இரண்டு படங்களையும் மனதில் வைத்தால் கேள்விகள் தானாக வரும். சின்ன மனையில் இத்தனை மேசைகளை இதைவிடச் சிக்கனமாகப் போட முடியுமா? ரயிலுக்கு அவசரமாகப் போகிறவர் கீழேயும், சாவகாசமாக இருப்பவர் மேலேயும் உட்காரும் ஏற்பாடு வசதியா? நாள் முழுக்கத் தட்டோடு சரிவில் ஏறி இறங்கும் பரிமாறுபவரின் முழங்கால் என்ன சொல்லும்? நான் அந்தக் கட்டடத்தின் ரசிகன். ஆனால் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லத் தகுதியுள்ளவர் அங்கே வேலை செய்பவர்தான். நானும் இல்லை, பேக்கரும் இல்லை.

இதுவரை சொன்னது இவ்வளவுதான். முகத்தை விட்டுவிட்டு பிளானுக்கும் செக்‌ஷனுக்கும் வந்தால் பேச்சு 'அழகு, அசிங்கம்' என்பதைத் தாண்டிவிடும். அங்கே வந்த பிறகு, புழங்குகிறவரின் சொல்லுக்கு நிபுணரின் சொல்லுக்கு உள்ள எடை வந்துவிடுகிறது.

## எல்லாவற்றையும் கட்டடக்கலைஞர் தீர்மானிப்பதில்லை

சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் ஏன் எல்லாமே ஒரே மாதிரி இருக்கின்றன? கற்பனை வறட்சி என்று சொல்வது சுலபம். பதில் வேறெங்கோ இருக்கிறது.

எஃப்.எஸ்.ஐ. என்றொரு எண் உண்டு. மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்பதுதான் அது. தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகள், உயரம் அதிகமில்லாத கட்டடங்களுக்கு இதை 2 என்று வைத்தன. ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மனையில், எல்லாத் தளங்களும் சேர்த்து 4,800 சதுர அடி. இதோடு மனையின் நான்கு பக்கமும் விட வேண்டிய காலி இடத்துக்கும் விதி இருக்கிறது. அதற்கு செட்பேக் என்று பெயர்.

இனி கணக்குப் போடுங்கள். நிலத்தின் விலை தங்கம் மாதிரி ஏறிக் கிடக்கிறது. கட்டுபவர் 4,800-இல் ஓர் அடியைக்கூட விட மாட்டார். செட்பேக் போக மிஞ்சியது ஒரு செவ்வகம். அதை அப்படியே மேலே தூக்குவார். தரைமட்டத்தில் தூண்கள் மேல் கட்டடத்தை நிறுத்திக் கீழே கார் விட்டால், அந்தப் பரப்பு எஃப்.எஸ்.ஐ. கணக்கில் வராது. ஆகவே தெருவைப் பார்த்து நிற்பது வீடுகள் அல்ல, கார்களும் ஓர் இரும்புக் கதவும். திண்ணை ஏன் போனது என்று உருகி உருகி எழுதுகிறவர்கள், அந்த இடத்தைச் சட்டமும் காரும் எப்படிப் பங்கு போட்டுக்கொண்டன என்பதையும் எழுதினால் நல்லது. வடிவமைப்பாளர் வந்து சேரும்போது, மீதி இருப்பது பெரும்பாலும் எலிவேஷன்தான்.

விதியை வைத்து வாதாடுவது சுவாரஸ்யமில்லாத வேலை என்று தோன்றலாம். ஆனால் ஒரு தெருவின் முகத்தை மாற்ற வேண்டுமென்றால் பேச வேண்டிய இடம் அது.

## கிளாம்பாக்கம்: பெயர் சூட்டாத விமர்சனம்

2023 டிசம்பர் 30 அன்று வண்டலூர் அருகே கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டது. அடுத்த சில வாரங்கள் மாநிலம் முழுக்க ஒரே பேச்சு. பொங்கலுக்கு ஊருக்குப் போய் வந்தவர்கள், பெட்டியோடும் குழந்தையோடும் நடந்தவர்கள், ஆட்டோவுக்குக் காசு கொடுத்தவர்கள் எல்லோரும் பேசினார்கள். இதைக் கட்டடக்கலை விவாதம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அதுதான் அது. அரங்கத்தில் மைக் பிடித்துப் பேசும் பல கூட்டங்களைவிட உயிரோட்டமான விவாதமும்கூட.

அந்தப் புகார்களைப் பிரித்துப் பார்த்தால் மூன்று அளவுகள் தெரியும். 'அளவு' என்று நான் இங்கே சொல்வது, எவ்வளவு தூரத்திலிருந்து பார்க்கிறோம் என்பதை.

"ஏன் இவ்வளவு தள்ளி? மெட்ரோவோ ரயிலோ வராமல் ஏன் திறந்தார்கள்?" இது ஊர் அளவு. வடிவமைத்தவரைத் திட்டிப் பயனில்லை; இடத்தைத் தேர்ந்தெடுத்தது அவர் இல்லை.

"மாநகரப் பேருந்தில் இறங்கி வெளியூர்ப் பேருந்து நிற்கும் இடத்துக்கு இவ்வளவு தூரம் நடக்கணுமா?" இது கட்டட அளவு, பிளானின் சங்கதி. இதற்கு வடிவமைத்தவர் பதில் சொல்ல வேண்டும்.

"பலகையைப் பார்த்தா எந்த நடைமேடைன்னு புரியல. உட்கார இடம் எங்கே?" இது உடல் அளவு. கண், கால், முதுகு சம்பந்தப்பட்டது. இதைக் கட்டடத்தை நிர்வகிப்பவர் பெரும்பாலும் அடுத்த வாரமே சரி செய்துவிட முடியும்.

மூன்றும் நியாயமான புகார்கள். ஆனால் மூன்றையும் ஒரே கோபத்தில் கலந்து பேசினால் எந்தப் புகார் யாருக்குப் போக வேண்டும் என்பது தெரியாமல் போகிறது. எல்லோரும் சுலபமாகத் தப்பித்துக்கொள்கிறார்கள்.

## வெயிலுக்கு ரசனை கிடையாது

கண்ணாடிக் கட்டடங்களைப் பற்றிய பேச்சும் ரசனையில் சிக்கிக்கொள்கிறது. நவீனம் என்கிறார் ஒருவர். நம் பண்பாட்டுக்கு ஆகாது என்கிறார் இன்னொருவர். பண்பாட்டைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு வெயிலைப் பார்க்கலாம்.

சென்னை ஏறக்குறைய 13 பாகை வட அகலக்கோட்டில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அப்போது அடி வாங்குவது மொட்டைமாடி. வடக்கு, தெற்குச் சுவர்களைப் பாதுகாக்க, சன்னலுக்கு மேல் நீட்டிய ஒரு சின்ன சன்ஷேடு போதும். கிழக்கும் மேற்கும் அப்படியில்லை. காலையிலும் மாலையிலும் சூரியன் தாழ்ந்து, சன்ஷேடுக்கு அடியில் நுழைந்து, நேராகச் சன்னலுக்குள் வரும். மேற்குப் பார்த்த கண்ணாடிச் சுவர் என்றால் மாலை நான்கு மணிக்கு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கண்ணாடி சூரிய ஒளியை உள்ளே விடும். அந்த ஒளி பட்டுச் சூடான மேசையும் தரையும் வெளிவிடும் வெப்பக் கதிரை வெளியே விடாது. பிறகு ஏசி அதை இழுத்து வெளியே கொட்ட வேண்டும். மின்கட்டணம் வாடகைக்காரருடையது.

லண்டனில் இது வேடிக்கையான ஓர் உச்சத்தைத் தொட்டது. ஃபென்சர்ச் தெருவில், 'வாக்கி டாக்கி' என்று ஊரார் பெயர் வைத்த ஒரு கோபுரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். ரஃபேல் வின்யோலி வடிவமைத்தது. அதன் தெற்கு முகம் உள்நோக்கி வளைந்த கண்ணாடி. 2013 கோடையில் அந்த வளைவு வெயிலைத் திரட்டி ஒரே இடத்தில் தெருவில் பாய்ச்சியது. நிறுத்தியிருந்த ஒரு ஜாகுவார் காரின் பாகங்கள் உருகின. ஒரு நிருபர் நடைபாதையில் சட்டியை வைத்து முட்டை பொரித்துக் காட்டினார். அப்புறம் சூரியனை மறைக்கத் தகடுகள் மாட்டினார்கள். 2015-இல், பிரிட்டனின் மிக மோசமான புதுக் கட்டடத்துக்கு ஒரு பத்திரிகை ஆண்டுதோறும் கொடுத்த கார்பங்கிள் கோப்பையும் அதற்கே கிடைத்தது.

அந்தக் கோப்பையைப் பலர் மட்டமான கேலி என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முட்டை பொரித்த நாளில், குழியாடி என்றால் என்ன, கட்டடம் எந்தத் திசையைப் பார்க்கிறது, அதை யார் கணக்குப் பார்த்திருக்க வேண்டும் என்றெல்லாம் சாதாரண ஜனங்கள் பேசினார்கள். ஒரு கருத்தரங்கால் அதைச் செய்ய முடியாது.

## அகமதாபாத்: இரு தரப்பும் கத்தி, யாரும் கேட்காத விவாதம்

இனி கொஞ்சம் சிக்கலான ஒன்று.

அகமதாபாத் ஐஐஎம் வளாகத்தை வடிவமைத்தவர் அமெரிக்கரான லூயி கான். 1962-இல் தொடங்கினார், 1974-இல் அகமதாபாத்திலிருந்து திரும்பும் வழியில் நியூயார்க் ரயில் நிலையத்தில் இறந்துபோனார். பூச்சே இல்லாத செங்கல் சுவர்கள், பெரிய வட்டத் திறப்புகள், வளைவுகள், விடுதிகளுக்கு இடையிடையே முற்றங்கள். உலகம் முழுவதிலுமிருந்து மாணவர்கள் வந்து பார்க்கும் இடம். 2020 டிசம்பரில் அங்கிருந்த 18 விடுதிகளில் 14-ஐ இடித்துப் புதிதாகக் கட்டப்போவதாக நிறுவனம் அறிவித்தது. உலகெங்கும் எதிர்ப்பு. 2021 புத்தாண்டு அன்று திட்டத்தைத் திரும்பப் பெற்றார்கள். 2022 நவம்பரில், பல கட்டடங்களை மீண்டும் கட்டும் முடிவுக்கே திரும்பினார்கள்.

ஒரு தரப்பு, "இது உலகப் பொக்கிஷம்" என்றது. மறுதரப்பு, "கூரைத் துண்டு மாணவர் தலையில் விழுகிறது" என்றது. இரண்டுமே உண்மை என்பதால்தான் விவாதம் நகரவில்லை. நகர வேண்டுமென்றால் கட்டடத்துக்குள்ளே போக வேண்டும்.

செங்கல் அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. வளைவாகக் கட்டினால் மேலே உள்ள பாரம் முழுவதும் அழுத்தமாக மாறிக் கால்கள் வழியே இறங்கும். ஆனால் அந்தக் கால்கள் பக்கவாட்டில் விலகப் பார்க்கும். கான் அந்த இரு கால்களையும் குறுக்கே ஒரு காங்கிரீட் சட்டத்தால் பிடித்துக் கட்டினார். அங்கே நீங்கள் பார்க்கும் வளைவும் குறுக்குச் சட்டமும் அலங்காரமில்லை. கட்டடம் எப்படி நிற்கிறது என்பதன் விளக்கம். இது அந்த வடிவத்தின் பெருமை.

பலவீனம் வேறிடத்தில். செங்கல் சுவருக்குள் வலுவுக்காக வைத்த கம்பி, ஈரம் ஏறினால் துருப்பிடிக்கும். துரு, இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். உள்ளிருந்து நெட்டித் தள்ளும், செங்கல் பிளக்கும், பிளவில் இன்னும் ஈரம் ஏறும். செங்கல்லின் தரமும் பிரச்சினையாகச் சொல்லப்பட்டது. 2001 ஜனவரி 26 நிலநடுக்கத்தின் பாதிப்பும் சேர்ந்துகொண்டது.

ஆக, கேட்டிருக்க வேண்டிய கேள்வி: பழுது வடிவத்திலா, பொருளிலா, பராமரிப்பிலா? பொருளில் என்றால் சரிசெய்யும் வழி உண்டு. அதே வளாகத்தின் விக்ரம் சாராபாய் நூலகம் பழுதுபார்க்கப்பட்டு, 2019-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதையும் வாங்கியது. அதற்கு ஆன செலவு என்ன, குளியலறைகளும் ஈரமும் உள்ள விடுதிகளுக்கு அதே முறை ஒத்துவருமா, எத்தனை ஆண்டு தாங்கும்? விடுதி போனால் அதோடு போகும் முற்றங்களுக்கு என்ன மதிப்பு? அங்கே தூங்கும் மாணவர் என்ன சொல்கிறார்?

என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன்: இடிக்காமல் பழுதுபார்த்திருக்க வேண்டும். ஆனால் ஒழுகும் அறையில் ஒரு மழைக்காலம் இருந்து பார்க்காதவர்கள் எவ்வளவு பெரிய பெயர்களாக இருந்தாலும், அவர்கள் கையெழுத்து மட்டும் போதாது.

டெல்லியில் இந்த அளவுக்குக்கூடப் பேச்சு நடக்கவில்லை. பிரகதி மைதானத்தின் ஹால் ஆஃப் நேஷன்ஸ் என்ற கண்காட்சி அரங்கு 1972-இல் கட்டியது. ராஜ் ரேவால் வடிவமைப்பு, மகேந்திர ராஜ் பொறியாளர். மரபுச் சின்னமாகக் கருத 60 வயதாவது ஆகியிருக்க வேண்டும் என்று ஒரு குழு சொன்னது. 2017 ஏப்ரலில் ஓர் இரவில் இடித்துவிட்டார்கள். அந்தக் கட்டடம் எப்படி நிற்கிறது, எதற்குப் பயன்படும் என்பதெல்லாம் பேச்சுக்கே வரவில்லை. வயதுச் சான்றிதழோடு கதை முடிந்தது.

## கட்டுவதற்கு முன்பே பேசுவது

இந்த இரண்டு சண்டைகளும் நடந்தது கட்டடங்கள் சாகும் நேரத்தில். பிறக்கும் முன்பே பேசும் ஏற்பாடு எங்காவது உண்டா?

சுவிட்சர்லாந்தில் ஓர் எளிய முறை இருக்கிறது. கட்டட அனுமதி கேட்கும்போது, வரப்போகும் கட்டடத்தின் மூலைகளில் அதே உயரத்துக்குக் கம்பங்களை நட வேண்டும். கூரையின் சாய்வைக் காட்ட உச்சியில் குறுக்குச் சட்டங்களும் வைப்பார்கள். தெருவில் போகிறவர் பிளானை வாசிக்க வேண்டியதில்லை. தன் சன்னலிலிருந்து மலை மறையுமா, தன் தோட்டத்தில் நிழல் விழுமா என்பதை நின்ற இடத்திலேயே பார்க்கலாம். ஆட்சேபம் இருந்தால், குறித்த நாளுக்குள் எழுதிக் கொடுக்கலாம். பள்ளிக்கூடம் மாதிரி பொதுக் கட்டடம் என்றால், அதற்கான பணத்தை அனுமதிக்கலாமா என்று பல ஊர்களில் வாக்கெடுப்பே நடக்கும்.

லண்டனில் வேறு மாதிரி. 1992 முதல் ஆண்டுதோறும், வழக்கமாக நுழைய முடியாத கட்டடங்களைச் சில நாள் இலவசமாகத் திறந்துவிடுகிறார்கள். சென்னையிலும் 2004 முதல், சென்னை தினமான ஆகஸ்ட் 22-ஐ ஒட்டி நடைப்பயணங்கள் நடக்கின்றன. நல்ல விஷயம். ஆனால் அங்கே யார் கட்டினார், எந்த ஆண்டு, எந்தத் துரை தங்கினார் என்பதே பெரும்பாலும் பேச்சாக இருக்கிறது. அந்தக் கனத்த சுவருக்குள் மதியம் மூன்று மணிக்கு ஏன் குளிர்ச்சியாக இருக்கிறது என்று யாராவது ஒரு பத்து நிமிடம் சொன்னால், கேட்பவர் வீடு திரும்பித் தன் மொட்டைமாடியைப் பற்றி யோசிப்பார்.

சுவிஸ் கம்பத்துக்கு நம் ஊரில் செலவே ஆகாது. சாரம் கட்டும் சவுக்குக் கட்டை நான்கும் கொஞ்சம் கயிறும் போதும். கூடிப் பேச இடம்கூட இருக்கிறது. மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று கிராம சபை கூடத்தான் செய்கிறது. ஊராட்சி ஒரு சமுதாயக்கூடம் கட்டப்போகிறது என்றால், அதன் பிளானையும் செக்‌ஷனையும் பெரிய தாளில் அச்சடித்துக் கூட்டம் நடக்கும் இடத்தில் ஒட்டலாம். சமையற்கட்டுப் புகை பந்திக்கு வருமா, கை கழுவும் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், பெண்கள் கழிப்பறைக்கு மாப்பிள்ளை வீட்டார் கூட்டத்தைக் கடந்துதான் போக வேண்டுமா, வயதானவர் ஏற எத்தனை படி என்றெல்லாம் கேட்க, எந்த ஊரிலும் ஆள் பஞ்சமில்லை.